கொடைரோட்டில் வாங்கிய கைதட்டல்

சொன்னது நான்தான். முருகேசன் இல்லை.

இந்த நான்கு சொற்களையும் ஒரு பெண்ணிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்னும் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாதவரிடம் சொல்வது எளிது; அதுவும் ஒருவகைக் கோழைத்தனம்தான். தெரிந்துகொண்டேதான் செய்கிறேன்...

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறைத் தலைவர். திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நாற்பது நிமிடப் பயணம். அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். என் பெயர் தனலட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துறையில் பரிதா என்றொரு கௌரவ விரிவுரையாளர் இருந்தாள். நிரந்தரப் பணி அல்ல. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படும் வேலை. ஆறு ஆண்டுகளாக அப்படியே புதுப்பித்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் நகரத்துப் பெண். அவள் 'அத்தா' என்று அழைக்கும் அப்பா தோல் வியாபாரம் செய்தார். மாணவர்கள் அவள் வகுப்புக்கு முன்கூட்டியே போய் இடம் பிடிப்பார்கள். என் வகுப்புக்கு யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

முருகேசன் ஆய்வக உதவியாளர். ஆத்தூர்க்காரர். முப்பது ஆண்டுகளாக அதே ஆய்வகத்தில் குப்பிகளைக் கழுவி, பெயர்ச் சீட்டு ஒட்டி, மாணவர்கள் கை சுட்டுக்கொண்டால் தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துப்போய்க் காப்பாற்றி வந்தவர். பரிதாவை அவர் 'தாயி' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள்.

நடந்தது இதுதான்.

அது நோன்பு மாதம். செய்முறை வகுப்பு முடிந்து மாணவர்கள் போய்விட்டார்கள். ஏதோ ஒரு பட்டியலைக் கேட்பதற்காக நான் ஆய்வகத்துக்குப் போனேன். உள்ளே ரசாயனங்கள் வைக்கும் சிறிய அறை. அதன் வாசலில் நான் கால் வைத்தபோது பரிதா கையில் ஒரு கண்ணாடிக் குடுவையுடன் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். ஆனால் பார்க்கவில்லை... கண்கள் எங்கோ நிலைகுத்தின. அடுத்த நொடி அவள் விழுந்தாள்.

வலிப்பு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையிலிருந்து சாவிக்கொத்தைத் துழாவி எடுத்தேன். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று என் ஊரான கீரனூரில் சிறுவயதில் கேட்டது! வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவள், சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே மரம்போல் நின்றேன். அவள் வாயோரம் நுரை கண்டு எனக்கு அருவருப்புகூட வந்தது. இதையும் மறைக்கப்போவதில்லை.

ஓடிவந்தவர் முருகேசன். முதலில் மேசை விளிம்பில் இருந்த அமிலப் புட்டியை எடுத்து எட்ட வைத்தார். உடைந்த கண்ணாடியைக் காலால் ஒதுக்கினார். தன் தோள் துண்டை மடித்து அவள் தலைக்கடியில் கொடுத்து, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்.

"சாவியெல்லாம் வேணாம் மேடம். ஒருச்சாச்சுப் போட்டாப் போதும், தானா நிக்கும். கதவ மட்டும் சாத்துங்க. பிள்ளைக யாரும் பாத்துறக் கூடாது" என்றார்.

கதவைச் சாத்தினேன். அன்று நான் செய்த ஒரே உதவி அதுதான்.

மூன்று நிமிடம் இருக்கலாம். அடங்கியது. அவள் கண் திறந்தபோது முருகேசன், "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல... செத்த நேரம் அப்பிடியே படு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அரை மணி கழித்து என் அறையில் அமர்ந்து பரிதா அழுதாள். பத்தொன்பது வயதிலிருந்து இருக்கிறதாம். மாத்திரையில் கட்டுக்குள் இருந்ததாம். மூன்று ஆண்டுகளாக ஒருமுறைகூட வந்ததில்லையாம். நோன்பில் மாத்திரை நேரம் மாறிப்போனதால் வந்த வினை.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்றாள். அதுவரை மேடம் என்று அழைத்தவள், அன்றுதான் அக்கா என்றாள். "ஒரு எடத்துல நிச்சயம் வரைக்கும் வந்து, இது தெரிஞ்சு நின்னுபோச்சு. பெர்மனன்ட் வேலைக்கு இன்டர்வியூ வரும்போது தெரிஞ்சா அதுவும் போயிரும். உங்களுக்கும் முருகேசண்ணனுக்கும் மட்டும்தான்க்கா இங்க தெரியும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் உசுருள்ள வரைக்கும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

ஐந்து மாதம் தாங்கியது அந்தச் சத்தியம். ஐந்தே மாதம்!

துறைத் தலைவர்கள் அனைவருக்கும் தலைமைப் பண்புப் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தது. ஐந்து நாள். கொடைரோட்டுக்கு அருகில், மலையைப் பார்த்தபடி ஒரு விடுதி. போக மாட்டேன் என்று சொல்ல முடியாது; கலந்துகொண்ட சான்றிதழ் பணிப்பதிவேட்டில் ஏறும்.

எங்களை வட்டமாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நெஞ்சில் பெயரட்டை. சுவரெங்கும் வண்ண வண்ணத் தாள்கள். பயிற்றுநர் சென்னையிலிருந்து வந்தவர். நாற்பது வயதிருக்கும், மெல்லிய குரல், எதற்கும் கோபப்படாத முகம். முதல் நாளே அவர் ஒரு விதி சொன்னார்: "இந்த அறையில் பேசுவது இந்த அறையைத் தாண்டக் கூடாது." எல்லோரும் தலையாட்டினோம்.

அந்த வட்டத்தில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நியாயம் கேட்பதற்காக அல்ல... நடந்தது விளங்குவதற்காக. ஆங்கிலத் துறைத் தலைவர் பேசினால் அருவி. கணினித் துறைத் தலைவர் மூன்று நாடுகளுக்குப் போய்வந்தவர். இயற்பியல் துறைத் தலைவர் சுந்தரவடிவேல் அடுத்த புல முதன்மையர் என்று எல்லோருக்கும் தெரியும். அறிவியல் துறைகள் எல்லாவற்றுக்கும் மேலான பதவி அது. நான் கீரனூரில் வெங்காயம் போட்டவரின் மகள். அவசரத்தில் 'ஏனுங்க சார்' என்று வாயில் வந்துவிடும். வந்தது. இரண்டு பேர் புன்னகைத்தார்கள். மரியாதையான புன்னகைதான். அதுதான் அதிகமாகச் சுட்டது.

அதன்பிறகு மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தோம். பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தோம். சக துறைத் தலைவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதற்குப் பெயர் நம்பிக்கைப் பயிற்சி. என்னைச் சுந்தரவடிவேல் பிடித்தார். பத்திரமாகத்தான் பிடித்தார்.

நான்காம் நாள் பிற்பகல். "நான் ஒரு தலைவர் என்று நீங்களே உணர்ந்த ஒரு தருணம். உண்மையான தருணம். ஐந்து நிமிடம் பேசுங்கள்" என்றார் பயிற்றுநர்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். கைதட்டினார்கள். என் முறை வந்தது. ஆய்வக நேர அட்டவணையை எப்படி மாற்றி அமைத்தேன் என்பதைச் சொல்லத் தொடங்கினேன். எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது நிமிடத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். ஆங்கிலத் துறைத் தலைவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, மறுபடி நிமிர்த்திப் பார்த்தார். பயிற்றுநரின் முகத்தில் அதே மெல்லிய பொறுமை...

நான் நிறுத்தினேன்.

"இல்லைங்க, வேற ஒண்ணு சொல்றேனுங்க" என்றேன்.

சொன்னேன்.

பெயரைச் சொல்லவில்லை! அதை ஒரு பெரிய கண்ணியம்போல் அன்று நினைத்துக்கொண்டேன். 'எங்கள் துறையில் ஒரு கௌரவ விரிவுரையாளர், பெண்' என்றேன். எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளராக ஒரே ஒரு பெண்தான் இருந்தாள் என்பது அந்த வட்டத்தில் யாருக்குத் தெரியாது?

அதோடு நிற்கவில்லை. சாவிக்கொத்தோடு வாசலில் நின்ற பெண்ணைச் சொல்லவில்லை நான். ஓடிப்போய்த் தாங்கியவள் நானே என்றேன். அமிலப் புட்டியை எட்ட வைத்தது நான். உடைந்த கண்ணாடியை ஒதுக்கியது நான். என் முந்தானையை மடித்துத் தலைக்கடியில் வைத்தேன் என்றேன். முந்தானை! முருகேசனின் துண்டை என் முந்தானையாக்கிவிட்டேன். அவர் பெயரே அந்தக் கதையில் இல்லை. 'ஒண்ணுமில்ல தாயி' என்ற அவருடைய சொற்களைக்கூட என் வாயால் சொன்னேன். சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. நடிப்பல்ல; பொய்யை நானே நம்பியிருந்தேன்.

கைப்பேசிகள் இறங்கின. தமிழ்த் துறை அம்மையார் கண்ணைத் துடைத்தார். பிறகு கைதட்டல்... எழுந்து நின்று தட்டினார்கள். பயிற்றுநர் என்னிடம் வந்து, "இதுதான் தலைமை. இதைத்தான் நான்கு நாளாகச் சொல்ல முயன்றேன்" என்றார்.

அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்குக் குற்றவுணர்ச்சி வந்ததா? வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. ஐம்பது வயதுவரை எனக்குக் கிடைக்காதது ஒன்று கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது. அன்று மாலைத் தேநீர் வேளையில் என்னைச் சுற்றி ஆள் நின்றது. 'ஏனுங்க' என்றேன். யாரும் புன்னகைக்கவில்லை.

அடுத்த ஆண்டு நிரந்தரப் பணிக்கான நேர்காணல் வந்தது. ஒரே இடம். பரிதாவுக்குத் தகுதி எல்லாம் இருந்தது. துறைத் தலைவர் என்பதால் நான் தேர்வுக் குழுவில் இருந்தேன். சுந்தரவடிவேல் புல முதன்மையராக என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

அவள் நன்றாகப் பதில் சொன்னாள். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். முடியப்போகும் நேரத்தில் சுந்தரவடிவேல் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"லேப்ல தனியா நின்னு வேலை பாக்கணும்மா. ஆசிட், நெருப்பு எல்லாம் இருக்கும். உங்க ஒடம்பு அதுக்கு ஒத்துழைக்குமா? மயக்கம் கியக்கம் வர்ற பழக்கம் உண்டா?"

பரிதாவின் முகம் வெளுத்தது. அவர் பக்கம் திரும்பவில்லை அவள். என்னைப் பார்த்தாள். சந்தேகத்தோடு அல்ல... உதவி கேட்டு! அக்கா இருக்கிறாள், ஏதாவது சொல்வாள் என்று.

குழுவுக்குத் தலைமை வகித்த துணைவேந்தரும் என்னைப் பார்த்தார். "ஹெச்.ஓ.டி. என்ன சொல்றீங்க? ஆறேழு வருஷமா உங்ககிட்டதானே வேலை பாக்குறாங்க?"

ஒரு வரி போதும். 'இத்தனை ஆண்டில் இவரால் ஒரு சிறு விபத்துகூட நடந்ததில்லை, இவரைவிடக் கவனமான ஆசிரியர் என் துறையில் இல்லை.' அது உண்மையும்கூட. ஆனால் நான் பரிந்து பேசினால், 'கொடைரோட்டில் நீங்கள்தானே சொன்னீர்கள்?' என்று சுந்தரவடிவேல் அவள் முன்னாலேயே கேட்டுவிட்டால்...?

"குழு என்ன முடிவெடுத்தாலும் சரிங்க" என்றேன்.

இடம் வேறொருவருக்குப் போயிற்று.

நடைகூடத்தில் சுந்தரவடிவேல் என்னோடு நடந்தார். "நீங்க அன்னைக்கு ட்ரெய்னிங்ல சொன்னது மனசுல நின்னுபோச்சு மேடம். அதனாலதான் கேக்க வேண்டியதாப் போச்சு. நாளைக்கு ஏதாவது ஆனா நாமதானே பதில் சொல்லணும்?" அவர் கெட்டவர் இல்லை. தன் கடமையைச் செய்ததாகவே அவர் நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கைக்கும் வழியில்லை.

மறுநாள் காலை பரிதா என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"யாருக்கா சொல்லிருப்பா?"

நான் கோப்பைப் புரட்டினேன்.

"இங்க ரெண்டே பேருக்குத்தான் தெரியும். நீங்க சொல்லிருக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும்." "அப்ப முருகேசண்ணனா? அவரா சொல்லிருப்பாரு?"

இங்கேதான்... இந்த இடத்தில்தான்! இதற்கு முன் செய்ததெல்லாம் ஆசை, பயம், பலவீனம் என்று ஏதாவது பெயர் சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு என்ன பெயர்?

நான் சொன்னேன்: "அவரு எல்லார்கிட்டயும் பழகுற மனுசன் பரிதா... டீக்கடையில வாய் தவறி வந்திருக்கலாம். வேணும்னு சொல்லிருக்க மாட்டாரு."

கவனித்தீர்களா? அவருக்காகப் பரிந்து பேசுவதுபோலவே பழியைப் போட்டேன். அப்படிப் போட்டால்தான் ஒட்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கே கற்றேன் அதை?

பரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பருவம் முடிய மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் அவள் முருகேசனோடு ஒரு சொல் பேசவில்லை. குப்பி வேண்டுமென்றால் மாணவர்களை விட்டுக் கேட்பாள். அவர் எதிரே வந்தால் வேறு வழியாகப் போவாள். ஒரு நாள் அவர் தேநீர் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். அவள் அதை அப்படியே எடுத்துக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன்.

அன்று மாலை அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், அந்தப் புள்ள என் மொகத்துல முழிக்க மாட்டேங்குது. நான் என்ன தப்பு செஞ்சேன்னு செத்த கேட்டுச் சொல்லுங்க."

"கேட்டுப் பாக்கிறேங்க முருகேசன்" என்றேன்.

அவர் போகவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் கணினித் திரையைப் பார்த்தேன். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றி என்னிடம் கேட்கவே இல்லை.

பரிதா வேலையை விட்டாள். அடுத்த ஆண்டு முருகேசன் ஓய்வுபெற்றார். பிரிவு விழாவில் நான்தான் அவருக்குச் சால்வை போர்த்தினேன். 'துறையின் தூண்' என்று பேசினேன்.

நானோ வளர்ந்தேன்! அந்தப் பயிற்றுநர் என் கதையை மறக்கவில்லை. அடுத்த அணித் துறைத் தலைவர்களுக்குப் பயிற்சி நடந்தபோது என்னைப் பேச அழைத்தார். பிறகு ஒவ்வோர் ஆண்டும் அழைத்தார். மதுரையில் பேசினேன், திருச்சியில் பேசினேன். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: 'நம்பிக்கையைப் பெறுதல்'. ஒவ்வொரு முறையும் அந்தக் கதையைச் சொன்னேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரல் இறங்க வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது.

ஒருமுறை புதிதாகத் துறைத் தலைவரான ஓர் இளம்பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், அந்த டீச்சர் இப்ப எப்படி இருக்காங்க?"

யாரும் அதுவரை கேட்டதில்லை.

"ரொம்ப நல்லா இருக்காங்க" என்றேன்.

எனக்குத் தெரியாது! அவள் எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கக்கூட இல்லை நான்.

சில மாதங்களுக்கு முன் அவளே வந்தாள். முன்னறிவிப்பில்லாமல், திண்டுக்கல்லில் என் வீட்டு வாசலில் நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள். அதே சிரிப்பு. நகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறாளாம். அந்த ஆய்வக நாளுக்குப் பிறகு வலிப்பு ஒருமுறைகூட வரவில்லையாம். அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டேன்.

"அத்தா, அம்மாவோட உம்ராவுக்குப் போறேன்க்கா" என்றாள். மெக்காவுக்குப் போகுமுன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, மனத்தில் பகையிருந்தால் அதையும் தீர்த்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். "உங்ககிட்ட எதாச்சும் தப்பா நடந்திருந்தா மன்னிச்சிருங்கக்கா" என்று என் இரு கைகளையும் பிடித்தாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்!

வாய் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தேன். "பரிதா, நான்..." என்றேன். அவள் அதற்குள், "இன்னும் ஒரே ஒரு ஆளுதான்க்கா பாக்கி" என்றாள். "முருகேசண்ணன். அஞ்சு வருசமா அவரு மேல மனசுல வச்சிருக்கேன். அதோட எப்படி அங்க போயி நிக்கிறது? அவரை மன்னிச்சிட்டேன்னு சொல்லணும். பேசாம இருந்ததுக்கு நானும் மன்னிப்புக் கேக்கணும். தனியாப் போகச் சங்கடமா இருக்கு. நீங்க கூட வாரீங்களா?"

போனேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். போனேன்.

ஆத்தூரில் அணைக்குப் போகும் வழியில் இறங்கினோம். முருகேசன் வீட்டை ஒட்டிய தோட்டத்தில் காய்த்திருந்த அவரைக் கொடிக்குப் பந்தலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு என்னை, மறுபடி அவளை.

"வா தாயி" என்றார்.

பரிதா நின்றபடியே சொன்னாள். ஒத்திகை பார்த்து வந்திருப்பாள் போலும், வேகமாகச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க வேணும்னு சொல்லிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். வாய் தவறித்தான் வந்திருக்கும். நான் அதை மனசுலருந்து எடுத்துட்டேன். உங்கள மன்னிச்சிட்டேன். அன்னைக்கு டீயக் கொட்டுனதுக்கு, மூணு மாசம் பேசாம இருந்ததுக்கு, நீங்க என்னைய மன்னிக்கணும்."

என்ன குற்றம் தன்மேல் சுமத்தப்பட்டது என்பதை அந்த நொடியில்தான் அவர் முழுதாகக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஐந்து ஆண்டுகளாக அவரிடம் அதைச் சொன்னவர் யாருமில்லை. அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

இப்போது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லட்டும்... சொல்லிவிடட்டும்! என் வாயால் முடியாததை அவர் வாயாவது சொல்லட்டும் என்று வேண்டினேன். சொல்லாமலிருக்க வேண்டும் என்றும் அதே மூச்சில் வேண்டினேன்.

"சரி தாயி" என்றார் அவர். "மன்னிச்சிட்டேல்ல, அது போதும். நான் உன்மேல என்னத்த வச்சிருக்கேன் மன்னிக்க? நல்லபடியாப் போயிட்டு வா. உள்ள போயி மதினியப் பாரு, இம்புட்டு நாளும் உன்னையக் கேட்டுக்கிட்டே கெடந்தா."

பரிதா அழுதுகொண்டே சிரித்து, உள்ளே அவர் மனைவியைப் பார்க்கப் போனாள்.

நாங்கள் இருவரும் பந்தலுக்கடியில் நின்றோம். அவர் கயிற்றை எடுத்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஒங்க ரூமுக்கு வந்து கேட்டேன்ல, அன்னைக்கே. என்ன சொன்னீங்கன்னு தெரியாது. ஏதோ செஞ்சிருக்கீங்கன்னு மொகத்துலயே தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு மிச்சமும் வெளங்கிருச்சு." முடிச்சை இறுக்கினார். "ரெண்டு பேருக்குத்தான தெரியும் மேடம். நான் சொல்லல."

"இப்ப ஏன் சொல்லாம விட்டீங்க?"

"அந்தப் புள்ள பயணம் போகுது. மனசத் தொடச்சிட்டுப் போறேன்னு வந்து நிக்கிது. அதுகிட்டப் போயி, நீ தொடைச்சது தப்பான எடம்னு சொல்லவா? ஒங்கள விட்டா அதுக்கு அங்கன வேற யாரும் இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

நான் கைகூப்பினேன். "முருகேசன், என்னை..."

"வேணாம் மேடம்." கோபமே இல்லாமல் சொன்னார். "அந்தப் புள்ள என்னைய மன்னிச்சிச்சு. வாங்கிக்கிட்டேன். அது அதோட நிம்மதிக்கு. அதுக்காக நான் ஒங்கள மன்னிச்சிட்டேன்னு எடுத்துக்கிறாதீங்க. அது வேற, இது வேற. முப்பது வருசம் அந்த லேபுல வேல பாத்தேன். ஒரு சொல்லு வெளிய போனதில்ல என் வாயிலருந்து. அதத்தான மேடம் எடுத்துட்டீங்க."

பிறகு அவர் அவரைக்காய் பறித்து இரண்டு பைகளில் போட்டார். ஒன்றைப் பரிதாவிடம் கொடுத்தார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார். வாங்காமல் இருக்க முடியாது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பேருந்தில் பரிதா என் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். "மனசு அம்புட்டு லேசாயிருச்சுக்கா" என்றாள்.

"ம்" என்றேன்.

அதன்பிறகு பயிற்சி வகுப்புகளுக்கு அழைப்பு வந்தால் உடல்நிலை சரியில்லை என்று மறுத்துவிடுகிறேன். அது திருந்துதல் என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். மேடையில் ஏறினால் வாய் அந்தக் கதையைத்தான் சொல்லும். அந்தப் பயம்தான். சுந்தரவடிவேலிடம் போய் உண்மையைச் சொன்னேனா? இல்லை. தேர்வுக் குழுவுக்கு எழுதினேனா? இல்லை. பரிதாவின் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. பெரும்பாலான நாள்களில் அதைத் திறந்து பார்க்கிறேன்.

அவள் பயணம் முடிந்து நலமாகத் திரும்பி வந்தாள். பேரீச்சம்பழமும், இரண்டு சிறிய பாட்டில்களில் மெக்காவின் புனித நீரான ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். "அங்க ஒங்களுக்காகவும் துவா கேட்டேன்க்கா. இது ஒங்களுக்கு. இன்னொண்ணு முருகேசண்ணனுக்கு. பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க, எனக்குப் போக நேரமில்ல. ஆத்தூர்ப் பக்கம் போனீங்கன்னா கொடுத்துருங்க."

மூன்று மாதமாகிறது. ஆத்தூருக்கு இங்கிருந்து அரைமணி நேரம்தான். பேருந்துகள் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. அவருடைய பாட்டில் என் மேசையில் அப்படியே இருக்கிறது. நேற்றுப் பரிதா கைப்பேசியில் கேட்டாள்: "அண்ணன்கிட்டக் கொடுத்துட்டீங்களாக்கா?"

"கொடுத்துட்டேன்" என்று சொன்னேன்.